மாட்டுக்குப் போட்டது வீட்டுக்கு வரும்

"தூக்கிப் போடாதே, மாட்டுக்கு வை." நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. பூசணம் பூத்த ரொட்டி, ஈரம் பட்டுக் கட்டியாகிப்போன மாவு, வாயில் போட்டதும் கசக்கிற நிலக்கடலை, வண்டு துளைத்த மக்காச்சோளம் என்று மனிதர் ஒதுக்குகிற எல்லாம் கடைசியில் மாட்டுத்தொட்டிக்குத்தான் போகும். உணவை வீணடிக்கக் கூடாது என்கிற நல்லெண்ணத்தில் பிறந்த வழக்கம் அது. தப்பு சொல்ல மனம் வராது.

ஆனால் தொட்டியில் போட்டதெல்லாம் மாட்டோடு முடிந்துவிடுவதில்லை. பூசணம் பிடித்த தீவனத்தில் இருக்கும் ஒரு நச்சு மாட்டின் குடலில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, ஈரலுக்குள் போய் உருமாறி, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மடிக்கு வந்துவிடும். மாலையில் தொட்டியில் போட்டது மறுநாள் பாலாக நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். காய்ச்சினாலும் போகாது, ஃப்ரிட்ஜில் வைத்தாலும் போகாது. அதற்கு அஃப்லாடாக்சின் எம்1 என்று பெயர்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளத் தனியாக ஒரு காரணம் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018இல் நாடு முழுவதும் பால் ஆய்வு ஒன்றை நடத்தியது. 1,103 ஊர்களில் 6,432 மாதிரிகளைச் சேகரித்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. பாலில் யூரியா கலக்கிறார்கள், சோப்புத்தூள் கலக்கிறார்கள் என்று நாம் பல காலமாகப் பேசிவருகிறோம் அல்லவா? உடலுக்குக் கேடான கலப்படம் இருந்தவை என்று அந்த ஆய்வு கண்டவை 12 மாதிரிகள் மட்டுமே. அஃப்லாடாக்சின் எம்1 வரம்பை மீறியவையோ 368. நூற்றுக்குக் கிட்டத்தட்ட 6. மாநிலவாரி எண்ணிக்கையில் முதலில் நின்றது தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88. அடுத்து டெல்லி, 262இல் 38. பிறகு கேரளம், 187இல் 37. கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இது அதிகம் காணப்பட்டது என்பதையும் ஆணையம் குறிப்பிட்டது.

யாரும் வேண்டுமென்று கலக்காத நஞ்சு இது. திருடனைத் தேடுவதுபோலத் தேடினால் அகப்படாது. இது எங்கே உருவாகிறது, எந்த வழியாக வருகிறது என்று பின்தொடர்ந்து போனால்தான் பிடிபடும்.

வான்கோழிகள் காட்டிய வழி

1960இல் இங்கிலாந்தின் பண்ணைகளில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் போயின. எந்தக் கிருமியும் அகப்படவில்லை. பெயர் தெரியாத நோய் என்பதால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே அழைத்தார்கள். செத்த பறவைகளுக்கெல்லாம் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு. அதைச் சோதித்தபோது ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையின் தடம் கிடைத்தது. அந்தப் பூஞ்சையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் 'ஏ' என்ற முதல் எழுத்தையும் 'ஃப்ளா' என்ற ஒலியையும் எடுத்து, நஞ்சைக் குறிக்கும் 'டாக்சின்' என்ற சொல்லோடு சேர்த்து அஃப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

புற ஊதா விளக்கின் கீழ் நீல நிறத்தில் ஒளிர்ந்ததற்கு 'பி' என்றும், பச்சையாக ஒளிர்ந்ததற்கு 'ஜி' என்றும் பெயர். ஆங்கிலத்தில் அந்த நிறங்களுக்குரிய முதல் எழுத்துகள் அவை. இவற்றில் பி1 மிகக் கொடியது. 1963இல் ஆல்கிராஃப்ட், கார்னகன் என்ற இருவர் இன்னொரு கேள்வியை எழுப்பினார்கள். இதே பிண்ணாக்கைக் கறவை மாடு தின்றால் அதன் பால் எப்படி இருக்கும்? அந்தப் பாலிலிருந்து எடுத்த சாரத்தை வாத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் ஈரல் பிண்ணாக்குத் தின்ற குஞ்சுகளின் ஈரலைப் போலவே கெட்டிருந்தது. பாலில் வந்த அந்த நச்சுக்கு, பாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தே பெயராயிற்று: எம்1.

மாடு அசைபோடும் விலங்கு. அதன் முதல் இரைப்பையான ரூமனில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. பல நச்சுகளை அவை அங்கேயே உடைத்துவிடும். தானியங்களில் வரும் ஓக்ராடாக்சின் என்ற பூஞ்சை நச்சு பெரும்பாலும் ரூமனைத் தாண்டுவதில்லை. அதனால் பசும்பாலில் அதைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அஃப்லாடாக்சின் பி1 மட்டும் இந்தக் காவலைப் பெருமளவு தாண்டிவிடுகிறது.

தாண்டிவந்ததை ஈரல் எதிர்கொள்கிறது. உடலுக்கு ஆகாத பொருளை நீரில் கரையும்படி மாற்றி வெளியே அனுப்புவது ஈரலின் வேலை. பி1 மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு துணுக்கை அது ஒட்டவைக்கிறது. அப்படி மாறியதுதான் எம்1. நீரில் கரையும் தன்மை கூடிவிட்டதால் சிறுநீர் வழியாக வெளியேறுகிறது. கறவை மாட்டுக்கு வெளியேற இன்னொரு வழியும் இருக்கிறது, மடி. தன்னைக் காத்துக்கொள்ள மாட்டின் உடல் செய்கிற வேலைதான் நம் டம்ளரில் வந்து சேர்கிறது. தாயின் உடலும் இப்படித்தான். பூசணக் கடலை தின்ற தாயின் பாலிலும் எம்1 இருக்கக்கூடும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. தாயின் தட்டில் பூசணக் கடலை விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இருநூறு டேங்கரில் ஒரு கிராம்

இந்தியாவில் பாலுக்கான வரம்பு ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸும் அமெரிக்காவும் வைத்திருப்பது இதே அளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதில் பத்தில் ஒரு பங்கு, 0.05. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒன்று. 10,000 லிட்டர் பால் டேங்கர்கள் இருநூறை வரிசையாக நிறுத்துங்கள். அத்தனையிலும் சேர்த்து மொத்தம் ஒரே ஒரு கிராம் எம்1 இருந்தால், அதுதான் நம் வரம்பு.

இவ்வளவு சிறிய அளவை ஒரு மாடு எப்படித் தாண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாடு தின்னும் பி1இல் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு பாலில் எம்1 ஆக வருகிறது. நிறையப் பால் கறக்கும் மாடுகளில் 6 பங்கு வரைகூடப் போகும். கலப்புத் தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வரைதான் பி1 இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. அத்தகைய தீவனம் 3 கிலோ தின்று 10 லிட்டர் கறக்கும் மாட்டின் பாலில், நூற்றுக்கு 2 என்ற கணக்கில், லிட்டருக்கு 0.12 மைக்ரோகிராம் வரும். நம் வரம்புக்குள் இருக்கிறது.

இப்போது பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் பி1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடு அதில் 2 கிலோ தின்கிறது, 8 லிட்டர் கறக்கிறது. உள்ளே போனது 400 மைக்ரோகிராம், பாலில் வந்தது 8. லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், வரம்பைப்போல் இரண்டு மடங்கு. வைக்கோல், பசும்புல், தவிடு எல்லாம் சுத்தமாக இருந்தும், ஒரே ஒரு சாக்குப் பிண்ணாக்கு இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் 3, 4 நாட்களில் பாலிலுள்ள எம்1 ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்.

சாக்கைத் திறந்தபோது

போன ஐப்பசியில், அடைமழை இரண்டு நாள் விட்டிருந்த சமயம், வட மாவட்டக் கிராமம் ஒன்றில் மூன்று மாடு வைத்திருக்கும் ஒரு அம்மாவின் கொட்டகைக்குப் போயிருந்தேன். மாடுகள் பளபளவென்று இருந்தன. தரை கழுவி விட்டிருந்தது. மூலையில் சுவரோடு ஒட்டி நான்கு சாக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக. மேலே இருந்த சாக்கில் கைவிட்டுக் கடலைப் பிண்ணாக்கை அள்ளிக் காட்டினார். பழுப்பு நிறம், நல்ல மணம், விரலில் எண்ணெய்ப் பசை. குறை சொல்ல எதுவும் இல்லை.

அடிச் சாக்கைப் பார்க்கலாமா என்று கேட்டேன். மேலே இருந்தவற்றை இருவரும் இறக்கினோம். தரையைத் தொட்டிருந்த பக்கம் சாக்கு நமத்துப்போய்க் கருத்திருந்தது. அங்கிருந்து ஒரு வில்லையை எடுத்து உடைத்தேன். விரல் நகம் அளவு இடைவெளிகளிலெல்லாம் பசுமஞ்சள் நிறத்தில் மாவுபோல் ஏதோ ஒட்டியிருந்தது. ஊதினால் பறக்கும் தூள். மழை நாளில் பூட்டிக் கிடந்த அறையின் மக்கல் வாடை.

"ஒரு வெயில் காட்டினா எல்லாம் போயிரும் தம்பி. மனுசனுக்குத்தான் ஆகாது, மாடு செரிச்சிரும்" என்றார் அவர்.

வெயில் காட்டினால் ஈரம் போகும், பசுமஞ்சள் தூளும் உதிரும், வாடையும் குறையும். பூஞ்சை ஏற்கெனவே சுரந்துவைத்த நஞ்சு மட்டும் பிண்ணாக்கிலேயே இருக்கும். பூஞ்சை ஒரு தொழிற்சாலை என்றால் நஞ்சு அதன் சரக்கு. தொழிற்சாலையை இடித்தாலும் சரக்கு கிடங்கில் கிடக்கும். இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது, அவர் உடைந்த வில்லையைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இத யாரும் எங்ககிட்ட சொன்னதில்லியே தம்பி" என்றார். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அடிச் சாக்கில் நடந்தது என்ன? ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் மண்ணில் வாழும் பூஞ்சை. 25 முதல் 35 டிகிரி வெப்பம் அதற்கு மிகவும் தோதானது. அதாவது நம் ஊரின் சாதாரண நாள். அதற்குத் தேவைப்படுவது ஈரம் மட்டும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே நிற்கும் இடத்தில் உலர்ந்த தீவனம் பூசணம் பிடிக்காது. மக்காச்சோளத்தில் ஈரம் 13 சதவீதத்துக்குள்ளும், உரித்த நிலக்கடலையில் 7, 8 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் பூஞ்சையால் தலைதூக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் கடலோர மாவட்டங்களின் காற்று அந்த 70ஐத் தாண்டியே நிற்கும். சிமென்ட் தரை பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை பூஞ்சை முளைத்துவிட்டால் அது மூச்சுவிடும்போது சூடும் நீரும் வெளிப்படும். அந்த நீர் பக்கத்து வில்லையையும் நனைக்கும். ஒரு கைப்பிடி ஈரம் ஒரு சாக்கைக் கெடுப்பது இப்படித்தான்.

சில நேரம் கேடு கொட்டகைக்கு வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. நிலக்கடலை முற்றுகிற கடைசி வாரங்களில் மழை பொய்த்து மண் சூடானால், செடி நிற்கும்போதே காய்க்குள் பூஞ்சை இறங்கும். அறுவடைக்குப் பின் தரம் பிரிக்கும்போது நல்ல கடலை சந்தைக்குப் போகிறது. சுருங்கியதும் நிறம் மாறியதும் சொத்தையும் எண்ணெய் ஆலைக்குப் போகின்றன. செக்கில் ஆட்டும்போது நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் பிண்ணாக்கில் தங்குகிறது. ஆக, மனிதர் ஒதுக்கிய கடலையின் நஞ்சில் பெரும்பகுதி திரண்டு மாட்டுக்குப் போகிறது. பார்வைக்குச் சுத்தமான பிண்ணாக்கிலும் அது இருக்கலாம். பருத்திக்கொட்டை, மக்காச்சோளம், நனைந்த வைக்கோல், காற்றுப் புகுந்துவிட்ட சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்திய பசுந்தீவனம்) எல்லாம் இதே பட்டியலில் வருபவைதான்.

நம் நாட்டின் கதை மட்டும் இல்லை இது. 2012இல் செர்பியாவில் கடும் வறட்சி. வயலில் நின்ற மக்காச்சோளத்தில் பூஞ்சை ஏறியது. அதைத் தின்ற மாடுகளின் பால் 2013 தொடக்கத்தில் ஐரோப்பிய வரம்பை மீறியது. கடைகளிலிருந்து பால் திரும்பப் பெறப்பட்டது. கடைசியில் அந்நாட்டு அரசு வரம்பையே 0.05இலிருந்து 0.5க்கு உயர்த்திக்கொண்டது. வானம் சுடச் சுட இந்தப் பூஞ்சையின் எல்லையும் விரிகிறது.

பால் உருமாறும்போது

பாலுக்குள் வந்துவிட்ட எம்1ஐ அடுப்பு அசைக்காது. பாலைப் பாஸ்சரைஸ் செய்யும்போது 72 டிகிரியில் 15 விநாடி வைப்பார்கள். மாதக்கணக்கில் கெடாத டெட்ராபேக் பாலை 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்குவார்கள். நாம் வீட்டில் பொங்கவிடுவது 100 டிகிரி. கிருமிகள் இவற்றில் சாகும். எம்1 உயிர் இல்லாத மூலக்கூறு. அது சிதைய இதைவிட மிக அதிக வெப்பம் வேண்டும். 2018 ஆய்வில் பதப்படுத்திய பாலும் தப்பாததில் வியப்பில்லை. குளிரூட்டும் நிலையத்தில் நின்றாலும், கடையில் அடுக்கி வைத்தாலும், டெட்ராபேக்கில் மாதங்கள் கழித்தாலும் எம்1 புதிதாகப் பிறப்பதும் இல்லை. நம்பிக்கை வைக்கும் அளவுக்குக் குறைவதும் இல்லை.

மாறுவது அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான். எம்1க்குப் பாலின் புரதமான கேசீனோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. பாலைத் திரித்துப் பனீர் செய்யும்போது கேசீன்தான் திரண்டு கட்டியாகிறது, எம்1இல் பெரும் பங்கும் அதோடு சேர்ந்துகொள்கிறது. மென்மையான சீஸ் வகைகளில் பாலில் இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கும், கடினமான சீஸில் நான்கு, ஐந்து மடங்கும் அடர்த்தி ஏறும். பால்கோவாவிலும் இதே கதை. 5 லிட்டர் பாலைக் கிண்டிக் கிண்டி ஒரு கிலோவாக்கும்போது ஆவியாவது நீர் மட்டும்தான். பால்பவுடரும் அப்படியே. நீர் ஊற்றிக் கரைத்தால் பழைய பாலின் அளவுக்கே திரும்பும்.

வெண்ணெயும் நெய்யும் இதற்கு எதிர்த்திசை. எம்1 நீரில் கரைவது, கொழுப்போடு சேராது. தயிரைக் கடையும்போது அதில் பெரும்பகுதி மோரோடு போய்விடும். வெண்ணெயில் தங்குவது கொஞ்சம், அதை உருக்கிய நெய்யில் அதைவிடக் கொஞ்சம். தயிரில் இன்னொரு விஷயமும் நடக்கிறது. பாலை உறையவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் சில, தம் உடற்சுவரில் எம்1ஐ ஒட்டவைத்துக்கொள்கின்றன. குடலில் அது உறிஞ்சப்படுவதை இந்தப் பிடிப்பு குறைக்கலாம். நல்ல குணம்தான், ஆனால் கெட்ட பாலை நல்ல பாலாக்கும் மந்திரம் என்று எண்ணிவிடக் கூடாது.

நம் ஃப்ரிட்ஜில் பூப்பது

இதுவரை சொன்னது மாட்டின் வழியாக வரும் நச்சு. பால் பொருளின் மேலேயே நேராக வளரும் பூசணம் வேறு. இங்கேதான் நாம் சேமிக்கும் முறை நேரடியாகக் கணக்கில் வருகிறது.

ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் 10, 12 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் முடங்கிவிடும். 4, 5 டிகிரியில் வைத்த பனீரில் அது அஃப்லாடாக்சினைச் சுரக்காது. பெனிசிலியம் இனத்துப் பூஞ்சைகளோ குளிருக்கு அஞ்சாதவை. பொட்டலம் பிரித்த பனீரிலும் சீஸிலும் சில நாளில் நாம் பார்க்கும் நீலப்பச்சைத் திட்டுகள் பெரும்பாலும் அவைதான். அவற்றில் சில இனங்கள் தமக்கே உரிய நச்சுகளைச் சுரக்கும். மின்சாரம் போய்ப் போய் வருகிற வீட்டிலும், கதவை மணிக்கொருமுறை திறக்கிற ஃப்ரிட்ஜிலும் வெப்பம் ஏறி இறங்க, பாத்திரத்தின் மூடியில் நீர் முத்துகள் கோத்து உள்ளே சொட்டும். அந்தச் சொட்டு விழுந்த இடம்தான் பூசணத்தின் முதல் படுக்கை.

சீஸை மாதக்கணக்கில் 10, 15 டிகிரியில் முதிர வைக்கும் ஐரோப்பியக் கிடங்குகளில் வேறொரு தொல்லை. ஆஸ்பர்ஜில்லஸ் வெர்சிகலர் என்ற பூஞ்சை சீஸின் மேல்தோலில் வளர்ந்து ஸ்டெரிக்மட்டோசிஸ்டின் என்ற நச்சைச் சுரக்கிறது. அஃப்லாடாக்சின் உருவாகும் வழியில் வரும் முந்தைய கட்டப் பொருள் இது. சீஸின் மேற்பரப்பில் நட்டமைசின் என்ற பூஞ்சைக்கொல்லியைப் பூசுவதும், கிடங்கைச் சுத்தமாக வைப்பதும் இதற்காகத்தான். ரோக்ஃபோர் போன்ற சீஸ் வகைகளில் தெரியும் நீலநரம்புகள், தேர்ந்தெடுத்து வளர்த்த பூஞ்சைகள். அவற்றை நம் பனீரின் திட்டோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது.

வீட்டில் பின்பற்ற வேண்டியது எளிது. பூசணத்தின் வேர் இழைகள் மென்மையான பொருளில் கண்ணுக்குத் தெரியாமல் ஆழமாக ஓடும். அதனால் பனீர், தயிர், பால்கோவா, மென்மையான சீஸ் இவற்றில் ஒரு புள்ளி தெரிந்தாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலாக வழித்துவிட்டு மீதியை உண்பது தவறு. கடினமான சீஸ் கட்டியாக இருந்தால் மட்டும், பூசணத்தைச் சுற்றியும் அடியிலும் ஓர் அங்குலம் விட்டு வெட்டியெறிந்து மிச்சத்தைப் பயன்படுத்தலாம். கத்தி பூசணத்தில் படாமல் வெட்ட வேண்டும். பால்பவுடரை உலர்ந்த கரண்டியால் எடுத்து இறுக மூடுங்கள், ஈரம் பட்டுக் கட்டியானதைத் தவிருங்கள். நெய்யில் நீர் மிகச் சொற்பம் என்பதால் பூசணம் வராது. ஈரக் கரண்டி மட்டும் அதற்குப் பகை.

பயப்பட வேண்டுமா?

அஃப்லாடாக்சின்களை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அவற்றின் முதல் இலக்கு ஈரல். பெருமளவில் உள்ளே போனால் உடனே உயிரைப் பறிக்கும். 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற பழங்குடி மக்களில் 397 பேர் மஞ்சள் காமாலையோடு விழுந்தார்கள், 106 பேர் இறந்தார்கள். அதே சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன. 2004இல் கென்யாவில் இதேபோல் 125 உயிர்கள் போயின.

பாலில் வருவது அந்த அளவு இல்லை. எம்1இன் புற்றுநோய் வீரியம் பி1இல் ஏறக்குறைய பத்தில் ஒன்று. வரம்பை ஒருநாள் மீறிய பால் யாரையும் படுக்கவைக்காது. 2018 ஆய்விலேயே பெரும்பான்மையான பால் இந்த வரம்புக்குள்தான் இருந்தது. ஆகவே பாலை நிறுத்துவது அறிவுடைமை ஆகாது. ஆனாலும் இரண்டு காரணங்களால் இதை அலட்சியம் செய்ய முடியாது. ஒன்று, சிறு குழந்தைகள் தம் எடைக்கு மிக அதிகமாகப் பால் குடிக்கிறார்கள், அதுவும் நாள் தவறாமல். மற்றொன்று, ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலில் தங்கியவர்களுக்கு அஃப்லாடாக்சின் பி1 மற்றவர்களைவிட ஏறக்குறைய 30 மடங்கு அபாயமானது. குழந்தைக்குப் பிறந்ததும் போடும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இந்த நஞ்சுக்கு எதிராகவும் ஒரு கேடயம்.

செய்ய வேண்டியது

மாடு வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. தீவனச் சாக்குகளைத் தரையில் அடுக்காமல் மரப்பலகைமேல் அடுக்குங்கள், சுவரிலிருந்து ஓரடி தள்ளி. மழைக்காலத்தில் மாதக்கணக்குக்குச் சேர்த்து வாங்காமல் இரண்டு, மூன்று வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். முதலில் வந்த சாக்கை முதலில் காலி செய்யுங்கள். தொட்டியில் ஊறி மிஞ்சியதை மறுவேளைக்கு வைக்காதீர்கள். பிண்ணாக்கை உடைத்து உட்புறம் பாருங்கள். சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. பென்டோனைட் போன்ற களிமண் வகைகளைத் தீவனத்தில் கலந்தால் அவை நச்சைக் குடலிலேயே பிடித்துச் சாணத்தோடு கொண்டுபோகும். கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுத் தரலாம். ஆனால் உலர்ந்த தீவனத்துக்கு இணையான மருந்து கிடையாது.

உழவர் மேல் மட்டும் பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை. பால் சொசைட்டியில் இன்று விலை வைப்பது கொழுப்புக்கும் கொழுப்பல்லாத திடப்பொருளுக்கும். பூசணத் தீவனத்தைக் கொட்டிவிட்டு நல்ல தீவனம் வாங்கியவருக்கு ஒரு பைசா கூடுதலாகக் கிடைப்பதில்லை. சில நிமிடங்களில் எம்1ஐக் காட்டும் பரிசோதனைப் பட்டைகள் இருக்கின்றன. ஹைதராபாத்தின் இக்ரிசாட் நிறுவனம் குறைந்த செலவில் அஃப்லாடாக்சினைக் கண்டறியும் முறையை எப்போதோ உருவாக்கிக் கொடுத்துவிட்டது. நஞ்சு சுரக்காத ஃப்ளேவஸ் வகையை வயலில் தூவி, நஞ்சு சுரக்கும் வகையை விரட்டும் முறை அரிசோனாவின் பருத்தி வயல்களிலும் ஆப்பிரிக்காவின் மக்காச்சோளக் கொல்லைகளிலும் நடைமுறையில் இருக்கிறது. பால் வாங்கும் நிறுவனங்கள் குளிரூட்டும் நிலையங்களில் மழைக்காலம் முழுவதும் சோதனை செய்ய வேண்டும். வரம்பு மீறிய பால் எந்தக் கிராமத்திலிருந்து வந்ததோ அங்கே போய்த் தீவனத்தைப் பார்க்க வேண்டும். தண்டிக்கப் போகக் கூடாது, கற்றுக்கொடுக்கப் போக வேண்டும். சுத்தமான பாலுக்கு லிட்டருக்குச் சிறு ஊக்கத்தொகை தரலாம். அப்போது மூன்று மாடு வைத்திருக்கும் அந்த அம்மா அடிச் சாக்கைத் தானாகவே கொட்டுவார்.

பால் வாங்கிக் குடிக்கிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பூசணம் பூத்த ரொட்டியும் கசந்த கடலையும் கையில் இருக்கும்போது தெருவில் மாடு நின்றால் கை தானாக நீளும். நீட்டாதீர்கள். மனிதருக்கு ஆகாதது மாட்டுக்கும் ஆகாது. அதை எருக்குழியில் போடுங்கள்.